வாடகையில் 90 சதவீதம் மனைவிக்கு: படிவம் 17 அனுப்பிய கதை

லண்டன் கிராய்டனில் எங்கள் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் இருக்கிறது. கடன் அடைந்துவிட்டது. செலவெல்லாம் போக வருடத்துக்குச் சுமார் 16,000 பவுண்டு வாடகை நிற்கும். நான் 40 சதவீத வரிக்காரன். மனைவிக்குப் பகுதி நேர வேலை, சம்பளம் 9,000. வாடகையை அவள் வங்கிக் கணக்குக்கு வரவைத்துவிட்டால் வரியும் அவளோடு போய்விடும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அக்கவுன்டன்ட் சிரித்தார். பணம் எந்தக் கணக்கில் விழுந்தால் என்ன? சேர்ந்து வாழும் கணவன் மனைவி பெயரில் வீடு இருந்தால், பிரிட்டனில் வாடகையைப் பாதிப்பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் 8,000-க்கு வரி 3,200. அவளுக்குச் சம்பளத்தோடு சேர்த்து 12,570 வரை வரி கிடையாது என்பதால் 886தான்.

இதை மாற்றத்தான் வரித்துறைக்கு அனுப்பும் படிவம் 17. "சரி, அவளுக்கு 90, எனக்கு 10 சதவீதம் என்று எழுதி அனுப்பிவிடலாம்" என்றேன். அது அப்படி இல்லை. முதலில் வீட்டிலேயே பங்கு அப்படி இருக்க வேண்டும். நாங்கள் வாங்கியது ஜாயின்ட் டெனன்ட்ஸ் முறையில், அதாவது ஒருவர் போனால் மற்றவருக்கு வீடு தானாகப் போய்ச்சேரும். அந்த முறையில் இருந்தால் படிவம் 17 செல்லாது. ஆகவே அதை முறித்து, நிலப் பதிவகத்துக்கு எழுதிப்போட்டு, சொலிசிட்டரிடம் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் டிரஸ்ட் பத்திரத்தை 90:10 என்று எழுதினோம்.

கையெழுத்துப் போடும்போது மனைவி பேனாவை நிறுத்தினாள். "ஏங்க, நாளைக்கு வித்தாலும் 90 எனக்குத்தானே?"

சொலிசிட்டர் என்னைப் பார்த்தார். ஆமாம், அவளுக்குத்தான். வரிக்கு ஒரு பங்கு, நிஜத்தில் வேறு பங்கு என்று வைத்துக்கொள்ள வழியில்லை. என் 10 இனி தானாக அவளுக்குப் போகாது என்பதால் உயிலும் எழுத வேண்டியதாயிற்று. அதற்குத் தனிச் செலவு.

இவ்வளவும் செய்துவிட்டு நான் சொதப்பினேன். கையெழுத்தான படிவம் 17 சமையலறை இழுப்பறையில், பீட்சா கடை நோட்டீசுகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டபோது கையெழுத்தாகி 71 நாள். பத்திர நகலோடு அது 60 நாளுக்குள் வரித்துறையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புதுப் படிவம், புதுத் தேதி, மறுபடி இரண்டு கையெழுத்து. படிவத்தில் அறிவிக்கும் தேதியிலிருந்துதான் புதுப் பங்கு கணக்கில் வரும், முன்தேதி போட முடியாது. நடுவில் போன இரண்டு மாதத்துக்கு மேலான வாடகை பாதிப்பாதிதான். இந்த முறை அன்றைக்கே தபால் நிலையத்துக்கு நடந்துபோய், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பர்சில் வைத்துக்கொண்டேன்.

முழு வருடக் கணக்கில் எனக்கு 640, அவளுக்கு 2,166. முன்பு இருவருக்குமாக 4,086 கட்டிய இடத்தில் இப்போது 2,806.

போன வாரம் பாய்லர் ஓடவில்லை என்று வாடகைக்காரர் போன் செய்தார். போனை மனைவியிடம் நீட்டினேன். "உங்க பத்து சதவீதத்துக்கு ஒரு பிளம்பரைப் பிடிங்க" என்றாள்.