சேணர் குறிப்புகள்: அம்பு திரும்பி வந்துவிட்டது

சேணர்கள் நான் கற்பனையில் கட்டும் ஒரு வேட்டை மக்கள். அங்கே பெண்களின் சொல்தான் நடக்க வேண்டும் என்பது என் ஆசை, அதற்கான விதிகளை மேசை விளையாட்டாக ஆடிப் பார்க்கிறேன். நேற்று இரவு 11.30 மணிக்கு மூன்றாவது வேட்டைப் பருவத்தை ஆடி முடித்தோம். 7 அடுப்பு (அடுப்பு என்றால் ஒரு குடும்பம்), 40 பேர், பருவம் முழுக்க 31 பெரிய முடிவுகள். அவற்றில் 24 முடிவுகளை மூத்தாள்கள்தான், அதாவது அடுப்புகளின் தலைவிகள்தான் எடுத்தார்கள். எட்டு மாதமாக நான் மல்லுக்கட்டியது இதற்காகத்தான். எண்ணி முடித்ததும் மேசையை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நிலவரைபடம், பருவநிலை, விலங்குகள் எல்லாம் போன வருஷமே முடிந்தவை. சேணர்கள் 3,900 மீட்டர் உயரத்து மேட்டுநிலத்தில் இருக்கிறார்கள். அந்த உயரத்தைச் சும்மா வைக்கவில்லை. பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில், ஏறத்தாழ அதே உயரத்தில், 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியை 2018-இல் தோண்டினார்கள். கல் ஈட்டிமுனைகள், தோல் சுரண்டும் கற்கள் என்று முழு வேட்டைச் சாமானோடு கிடந்தது ஒரு பெண். வயது 17-லிருந்து 19-க்குள். 2020-இல் அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் சேணர்கள் என் மனசில் முளைத்தார்கள். அதனால் அங்கே பெண்கள் வேட்டையாடுவார்களா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் அக்டா பெண்கள் வில்லும் நாயுமாகக் காட்டுப்பன்றியையும் மானையும் வேட்டையாடியதை ஆய்வாளர்கள் கூடவே இருந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

என்னைப் படுத்தியது தாய்மாமன்.

முதல் பருவத்தில் மேகாலயாவின் காசிப் பழங்குடி மக்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். அவர்களிடம் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். அதையே வைத்து ஆடினால், வீடு பெண் பெயரில் இருக்கிறது, ஆனால் பேச்சு என்று வந்தால் தாயின் தம்பி முன்னால் வந்து நிற்கிறான். 20 முடிவுகளில் 13 மாமன்மாரிடம் போய்விட்டன. காசிகளிடமும் தாய்மாமனின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. எங்கள் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியிலும் இதே கதைதான். தாய்வழியாக வந்த சொத்து, அதை ஆண்டது காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த தாய்மாமன். பத்தாயத்துச் சாவி கடைசிவரை மாமா இடுப்பில்தான் தொங்கியது என்று எங்கள் ஆச்சி சொல்வாள். தாய்வழி என்பது வேறு, தாயின் ஆட்சி என்பது வேறு. இது ஆச்சி சொல்லிக் கேட்டதுதான், ஆனாலும் மேசையில் ஆடிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது பருவத்தில் ஆண்களுக்கு எந்த உரிமையும் கிடையாது என்று விதி போட்டேன். அது ராஜாவுக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கற்பனை உலகம் கட்டுகிறவர்களில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் பெரிய ஆதங்கம். ஆணின் இருக்கையில் பெண்ணை உட்கார வைத்துவிட்டு மற்றதையெல்லாம் பழையபடியே விட்டுவிட்டால், அந்த மக்களுக்கென்று ஒரு வழக்கமும் பிறக்காது.

அப்புறம்தான் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் காலஹாரிப் பாலைவனத்து ஜூ-ஹோவான்சி மக்கள் கைகொடுத்தார்கள். அவர்களிடம் விலங்கை வீழ்த்தியவனுக்கு இறைச்சியைப் பங்கிடும் உரிமை கிடையாது. எந்த அம்பு கொன்றதோ அந்த அம்புக்குச் சொந்தக்காரர்தான் பங்கிடுவார். அம்புகளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்வார்கள். வேட்டைக்கே போகாத பெண்ணும் ஓர் அம்புக்குச் சொந்தக்காரியாக இருக்கலாம். இதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். சேணர்களில் அம்பு எல்லாமே அடுப்பின் சொத்து. செய்வதும் நஞ்சு பூசுவதும் மூத்தாள். ஆணோ பெண்ணோ, வேட்டைக்குப் போகிறவர் தன் தாயின் அடுப்பில் அம்பு வாங்கக்கூடாது, வேறு அடுப்பில்தான் கேட்க வேண்டும். இறைச்சி அம்பின் அடுப்புக்கு வரும். அறுத்துக் கொடுப்பது அந்த மூத்தாள்.

விதி அருமையாக இருந்தது. ஆடினால் உடைந்தது. என் தங்கை வீட்டுக்காரர் நான்காவது சுற்றுக்குள் ஒன்பது அம்பை வாங்கித் தன் பக்கம் அடுக்கிக்கொண்டார். திருப்பிக் கொடு என்று சொல்ல விதி இல்லை. அம்பு அவர் கையில் தங்கியதும், கேட்கிறவர்களெல்லாம் மூத்தாளை விட்டுவிட்டு அவரிடம் போனார்கள். மறுபடியும் மாமன்!

மூன்று வாரம் இந்த ஓர் இடத்திலேயே நின்றேன். தண்டனை வைத்துப் பார்த்தேன். தண்டிக்க ஒரு காவல்படை தேவைப்பட்டது, அது ஆண்களிடம் போனது. சபதம் வைத்துப் பார்த்தேன், யாரும் மதிக்கவில்லை. கடைசியில் விடை நஞ்சில் கிடைத்தது. நஞ்சு நாள்பட்டால் வலு இழக்கும். வலு இழந்த அம்பு வெறும் குச்சி. புதுப்பிக்க மூத்தாளிடம்தான் வர வேண்டும், ஏனென்றால் நஞ்சுக் கூட்டு தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகும் அறிவு. யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, அம்பு தானாகத் திரும்பி வரும்.

எத்தனை நாளில் வலு இழப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 10 நாள் வைத்தேன்: மேல்முகட்டுக்குப் போய்த் திரும்பவே 12 நாள் ஆகும், வேட்டையே படுத்துவிட்டது. 60 நாள் வைத்தேன்: பதுக்கல் திரும்ப வந்தது. 40 நாளிலும் கொஞ்சம் பதுக்கினார்கள். 29 நாளில் சரியாக நின்றது. ஒரு நிலவுச் சுற்று! அமாவாசைக்கு அமாவாசை எல்லா அம்பும் அடுப்புக்குத் திரும்பும். அந்த ஒரு எண்ணிலிருந்து வழக்கங்கள் தானாக வளர ஆரம்பித்தன. அன்று எல்லோரும் கூடுவதால் திருமணப் பேச்சும் அன்றுதான். ஒருவருக்கு அம்பு மறுக்கப்பட்டால் ஊர் முன்னால் மறுக்கப்படும். வட அமெரிக்காவின் ஹோடினோசோனி (இரோகுவா) பழங்குடிப் பெண்கள் வழிக்கான உணவைத் தராமல் போர்ப்பயணத்தையே நிறுத்த முடிந்ததாகப் படித்திருக்கிறேன். சேணர் மூத்தாள் அதையே அம்பை வைத்துச் செய்கிறாள்.

அம்புக் காய்களுக்கு 8 அங்குல ஊதுபத்தி மூங்கில் குச்சி போதும். கிலோ கணக்கில் வாங்கினேன். முதலில் அனுப்பியவர் பாதிக்கு மேல் கோணல் குச்சியாக அனுப்பிவிட்டார், இரண்டாவது கடை பரவாயில்லை. அடுப்புக் குறிக்கு நகச்சாயம் பூசாதீர்கள், நான்கு சுற்றில் உரிந்துவிடுகிறது. இப்போது ஏழு நிறத் தையல் நூலைச் சுற்றி நுனியில் ஒரு சொட்டுப் பசை வைக்கிறேன். நஞ்சு இருப்பதைக் காட்டும் கறுப்பு நூலை முனைக்குப் பின்னால், தண்டில் சுற்றினேன். ஜூ-ஹோவான்சி வேடர்களும் தவறிக் கீறிவிடக்கூடாது என்று முனையை விட்டுவிட்டு அங்கேதான் பூசுவார்கள். ஆட்களுக்கான அட்டை அச்சகத்தில் வெட்டி மிச்சமானது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கேட்டு வாங்குங்கள், அதற்குக் கீழே வளைந்துவிடும்.

மீதி 7 முடிவுகள் எங்கே போயின என்று இன்னும் முழுதாகப் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்று இளம் வேட்டைக்காரிகளிடம் போனது தெரியும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மகள் இல்லாமல் மூத்தாள் இறந்தால் நஞ்சுக் கூட்டு என்ன ஆகும் என்பதற்கு விதி இல்லை. நேற்று பச்சை நூல் அடுப்பில் அப்படித்தான் ஆனது. அந்த அடுப்பின் ஐந்து அம்பும் இரவலில் வெளியே இருந்தன. பக்கத்து வீட்டு பிளஸ் டூ பெண்தான் அந்த மூத்தாளாக ஆடியவள். அவள் யாரையும் கேட்காமல் ஐந்தையும் திரும்ப வாங்கி, பச்சை நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்பு அட்டையின்மேல் வைத்தாள். மேசையில் யாரும் பேசவில்லை.

அதை இறப்புச் சடங்காக எழுதி வைத்துவிட்டேன். நூலை யார் பிரிக்க வேண்டும் என்பதை மட்டும் அடுத்த ஆட்டத்தில் பார்க்க வேண்டும். அதற்குள் நஞ்சுக்கு ஒரு பூச்சியோ செடியோ முடிவு செய்ய வேண்டும். பூச்சி என்றால் நிலவரைபடத்தில் தெற்குச் சரிவைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். பச்சை நூலும் தீர்ந்துவிட்டது.