ரெயின்கோட் பையில் இருந்த கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு படத்தை மறுபடி போட்டேன். 'ரெயின்கோட்'. ரிதுபர்ணோ கோஷ் 2004இல் எடுத்த இந்திப் படம், அஜய் தேவ்கனும் ஐஸ்வர்யா ராயும் நடித்தது. முதல் தடவை இதை ரூம்மேட்டின் லேப்டாப்பில் பார்த்தபோது எனக்கு இருபத்திச் சொச்சம் வயது. அரை மணி நேரம் ஆகியும் இரண்டு பேரும் ஒரு இருட்டு அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்களே என்று கடுப்பாகி, எப்போது தூங்கினேன் என்றே தெரியாமல் தூங்கிவிட்டேன். காலையில் "படம் எப்படிடா" என்று அவன் கேட்டதற்கு "சூப்பர்" என்றேன். பொய்களைப் பற்றிய ஒரு படத்தைப் பற்றி அன்றைக்கே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கதையை முழுசாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மனோஜ் பாகல்பூர்க்காரன். வேலை பார்த்த சணல் ஆலை மூடிவிட்டது. சின்னதாக ஏதாவது தொழில் தொடங்கலாம் என்று, கூடப் படித்தவர்களிடம் பணம் கேட்டு வாங்க கல்கத்தாவுக்கு வருகிறான், ஒரு நண்பன் வீட்டில் தங்குகிறான். அதே ஊரில்தான் நீரு கல்யாணமாகிப் போயிருக்கிறாள். ஒரு காலத்தில் இவன் உயிராக நினைத்தவள், வசதியான இடம் என்று வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மழை கொட்டுகிற ஒரு நாளில் அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறான். நண்பனின் மனைவி, நனையாமல் போங்கள் என்று வீட்டிலிருந்த ஒரு ரெயின்கோட்டை எடுத்துக் கொடுக்கிறாள்.

அந்த நண்பனின் மனைவி வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவள்தான். மனோஜ் குளியலறைக்குள் போய் அழுகிறான், அவளுக்கு அது வெளியே கேட்டுவிடுகிறது. துருவித் துருவி எதையும் கேட்காமல், இனிமேல் அழுவதாக இருந்தால் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறாள். ஒருத்தர் அழுததைத் தெரிந்துகொண்ட பிறகும் அவர் மானத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று தெரிந்த மனுஷி. இரண்டாம் தடவை பார்க்கும்போது, மொத்தப் படமும் அந்த ஒரு வரியில் ஏற்கனவே வந்துவிட்டது என்று தோன்றியது.

நீருவின் வீட்டுக் கதவு சட்டென்று திறப்பதில்லை. திறந்தால் உள்ளே ஒரே இருட்டு, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன, பழைய காலத்து மேஜை நாற்காலிகளாக அடைத்துக்கொண்டு நடக்கவே இடமில்லை. அங்கே ஆரம்பிக்கிறது பொய். இவன் டிவி சீரியல் தயாரிக்கிற கம்பெனி வைத்திருப்பதாகச் சொல்கிறான், கல்யாணம்கூட நிச்சயமாகிவிட்டது என்கிறான். அவள் கணவர் அடிக்கடி வெளிநாடு போய்விடுவார் என்கிறாள், வேலைக்காரர்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்கிறாள். இரண்டு பேரும் அடுத்தவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள்.

முதல் தடவை நான் தூங்கிப்போனது இந்த இடத்தில்தான். இந்த முறை கண்ணை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் முடிவு தெரிந்துவிட்ட பிறகு இந்தப் பேச்சு வேறு படமாகிவிடுகிறது. ஐஸ்வர்யா நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார். ஒரு பொய்க்கும் அடுத்த பொய்க்கும் நடுவில் அமைதி விழுந்துவிட்டால் அதில் உண்மை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயப்படுகிற பேச்சு அது. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டே'னில் ஆடிப் பாடிய அதே ஐஸ்வர்யாவா இது என்றிருக்கிறது. அவர் நடித்ததிலேயே இதுதான் சிறந்தது என்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அஜய் தேவ்கனுக்கு அவ்வளவு வேலை இல்லை, குனிந்த தோளோடு உட்கார்ந்திருந்தால் போதும், அதைச் சரியாகவே செய்கிறார்.

வந்தவன் சாப்பிடவில்லையே என்று ஏதாவது வாங்கி வர நீரு கிளம்புகிறாள். வெளியே மழை, அதனால் இவன் போட்டுக்கொண்டு வந்த ரெயின்கோட்டையே மாட்டிக்கொண்டு போகிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வீட்டு ஓனர் உள்ளே வந்துவிடுகிறார் (அன்னு கபூர், பேச்சிலேயே ஆளைச் சுரண்டுகிறார்). வாடகை பாக்கி, புருஷன் ஒரு ஏமாற்றுப் பேர்வழி, கடன்காரர்களுக்குப் பயந்துதான் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது என்று எல்லாம் வெளியே வருகிறது. மனோஜ் என்ன செய்கிறான், கையேந்தி வாங்கிய பணத்தை எடுத்து அந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறான். அவளுக்குச் சொல்லவும் இல்லை. நீரு திரும்பி வருகிறாள், விட்ட இடத்திலிருந்து பொய்களைத் தொடர்கிறார்கள், விடைபெறுகிறார்கள்.

நண்பன் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ரெயின்கோட் பையில் நகைகள் இருப்பது தெரிகிறது. உதவி கேட்டு எழுதப்பட்ட கடிதம் அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது. கடைக்குப் போன வழியில் அவள் அதைப் படித்துவிட்டாள். அதாவது, திரும்பி வந்து உட்கார்ந்து அவள் பேசிய கடைசிப் பொய்களெல்லாம் இவன் நிலைமை தெரிந்த பிறகு பேசியவை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த இவனும் அவள் நிலைமை தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சில நிமிடங்களை மட்டும் நான் மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

ஓ. ஹென்றியின் 'ஞானியரின் பரிசு' (The Gift of the Magi) கதையின் சாயல் என்று எல்லோரும் சொல்வது சரிதான். கடிகாரத்தை விற்றுச் சீப்பு வாங்கிய கணவன், கூந்தலை விற்றுக் கடிகாரச் சங்கிலி வாங்கிய மனைவி. ஆனால் அந்தக் கதையில் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ராத்திரி சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பரிசு வீணானாலும் ஆள் பக்கத்தில் இருக்கிறது. ரிதுபர்ணோ அந்த ஆறுதலை உருவிவிட்டார். இங்கே கொடுத்தவருக்கு நன்றி சொல்லக்கூட வழியில்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்த வீட்டு ஓனர் அவ்வளவு கச்சிதமாக வந்து சேருவது நாடகத்தனம். நடுநடுவே பழைய நாட்களுக்குப் போய்வருவது எனக்குத் தேவையென்று படவில்லை, அந்த அறைக்குள்ளேயே நம்மை அடைத்து வைத்திருந்தால் இன்னும் மூச்சு முட்டியிருக்கும். பாட்டுகளைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன். 'மதுரா நகர்பதி' என்று ஷுபா முத்கல் பாடுவது, ரிதுபர்ணோவே எழுதியது, இசை தேபஜோதி மிஷ்ரா. மதுராவுக்கு ராஜாவாகிவிட்ட கண்ணா, இப்போது எதற்கு கோகுலத்துக்குப் போகிறாய், ராதை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எவ்வளவோ நாளாகிவிட்டது, அவள் இப்போது முழு இல்லத்தரசி என்று கேட்கிற பாட்டு. நம் கதையில் திரும்பிப் போகிறவன் ராஜா இல்லை என்பதுதான் குத்துகிறது, கிரீடம்கூடக் கடன் வாங்கியதுதான்.

பார்த்து முடித்ததும் நம்ம '96' படம் ஞாபகம் வராமல் போகுமா. அங்கேயும் ஒரு பொய் வரும். ராமின் மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொள்ள, அவளும் மறுக்காமல் நடக்காத கதை ஒன்றை, தாங்கள் சேர்ந்துவிட்டதாக, உட்கார்ந்து சொல்லுவாள். எத்தனையோ பேர் 'யமுனை ஆற்றிலே'வுக்கு அழுதார்கள், நான் அழுதது அந்தப் பொய்க்கு. ஆனால் ராமும் ஜானுவும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொள்ள ஒரு முழு ராத்திரி கிடைத்தது. மனோஜுக்கும் நீருவுக்கும் அதுகூட இல்லை. அல்லது, கிடைத்தும் வேண்டாம் என்று விட்டார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2020இல் வேலை போய், அடுத்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்தே அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். எட்டு வருஷம் கழித்து. எப்படி இருக்கே, என்ன பண்றே என்ற கேள்விகளுக்கெல்லாம் சூப்பர், சூப்பர் என்று சொல்லிவிட்டு, அவள் கேட்காமலேயே, "கார் சர்வீஸுக்கு விட்டிருக்கேன், அதான் ட்ரெயின்" என்றேன்.

"என்ன கார் டா?"

அதுவரை யோசித்திருக்கவில்லை. "ஸ்விஃப்ட்" என்றேன்.

"நல்ல வண்டி, மைலேஜ் கொடுக்குமே" என்றாள். அவ்வளவுதான், பீச் ட்ரெயின் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது என்பதும், காலேஜில் மூன்று வருஷமும் என்னை அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்து ஓட்டியதே அவள்தான் என்பதும் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் திறந்துதான் இருந்தது.

அவள் சொன்னதில் எது எது உண்மை என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்த பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மாமியார் தங்கமானவங்க என்றாள். வேலையை அவளாகத்தான் விட்டாளாம். கையில் ஒரு துணிக்கடைப் பை வைத்திருந்தாள், ரொம்பப் பழசு, கைப்பிடியை நூல் போட்டுத் தைத்திருந்தது.

படத்தில் ஒரு விஷயம் மட்டும் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ரெயின்கோட் மனோஜுடையதும் இல்லை, நீருவுடையதும் இல்லை. நகையை எடுத்த பிறகு அது மறுபடி நண்பன் வீட்டு ஆணிக்குப் போய்விடும். அடுத்த மழைக்கு நண்பன் அதை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவான், பையில் கைவிட்டு பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவான்.