ஜப்பானா, மலேசியாவா?

அக்கா மகன் படிக்க எந்த நாட்டுக்குப் போவது என்று இந்த ஒரு மாதமாக இதே பேச்சுதான். அக்காவுக்கு மலேசியா. அங்கே தமிழ் இருக்கிறது, தோசை இருக்கிறது, பாடமும் ஆங்கிலத்தில்தான். நாட்டிங்காம், மோனாஷ் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே கிளை வைத்திருக்கின்றன. எல்லாம் சரி, ஆனால் கட்டணத்துக்கு யாங்கூனிலிருந்து மியன்மார் பணமான சியாட்டை அனுப்பி மாளாது, படிக்கும்போது சம்பாதிக்கலாம் என்றாலும் ஏழு நாளுக்கு மேல் விடுமுறை விட்டால்தான் வேலை பார்க்க முடியும், அதுவும் வாரம் 20 மணி நேரம்.

ஜப்பானில் அனுமதி வாங்கிவிட்டால் பாடம் நடக்கும்போதே வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8. படிப்பு முடிந்தும் வேலை தேட ஆறு மாதம் தங்கவிடுகிறார்கள், இன்னொரு தடவை நீட்டிக்கலாம். ஆனால் முதலில் மொழி! பையன் டீக்கடையில் லபேயே (பர்மிய டீ) ஆறிப்போக, கட்டம் போட்ட நோட்டில் ‘காஞ்சி’ என்ற ஜப்பானிய எழுத்து ஒன்றையே இருபது தடவை எழுதிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் பாதி தின்ற சமோசா. (தமிழ் எழுதச் சொன்னால் மட்டும் கை வலிக்கும் அவனுக்கு.)

நான் ஜப்பான் பக்கம்தான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் வரும் ஜப்பானிய மொழித் தேர்வில் அவன் தேறட்டும், அப்புறம் வாயைத் திறக்கிறேன்.