சாணுக்கும் முழத்துக்கும் நடுவே ஆறு டெசிபல்

எங்கள் தெருவில் டோலக் என்றால் மாமாதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி என்று எங்கே விடிய விடிய கானா நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வயதாகிவிட்டது, மழைக்காலத்தில் விரல் மடங்க மறுக்கிறது. அந்தக் கை நன்றாக இருக்கும்போதே அதைப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே உட்கார்ந்தோம்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கோர்க் ட்ரைட்டன் எக்ஸ்ட்ரீம் கீபோர்டு, 61 கட்டை, 2004-இல் வந்த மாடல். இவ்வளவு நாளும் அதில் வாசிக்க மட்டும்தான் செய்தேன். பின்பக்கம் இருக்கும் ஆடியோ இன்புட்டில் எதையும் செருகியதே இல்லை. ஒரு டைனமிக் மைக், ரிச்சி தெருவில் வாங்கிய கேபிள், மைக் ஸ்டாண்ட், ஒரு ஹெட்ஃபோன். இதை வைத்துத்தான் தொடங்கினோம்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். மாமா வாசிக்கிறார், மீட்டர் அசையவே இல்லை. திரையில் ரெக்கார்டிங் லெவல் என்று ஒரு ஸ்லைடர் உண்டு. அதை +18 டெசிபல் (சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) வரைக்கும் தள்ளினேன். டோலக் கேட்டது, ஆனால் கூடவே மழை பெய்வது போல ஒரு ‘ஸ்ஸ்’ சத்தம். ராத்திரி கீபோர்டைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பின்னால் மைக், லைன் என்று இருக்கும் சுவிட்ச் லைனில் கிடந்தது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். லைன் என்றால் இன்னொரு கீபோர்டு, மிக்சர் மாதிரி பல நூறு மடங்கு வலுவாக வரும் சிக்னலுக்கு. லைனில் வைத்தால் மைக்கின் சிக்னல் உள்ளே இரைச்சலோடு இரைச்சலாகத்தான் போகும். அதற்கப்புறம் ஸ்லைடரைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும்.

சிக்னல் போகும் வழியை அன்று ஒரு தாளில் வரைந்தேன். மைக், பின்பக்க சுவிட்ச், அதற்குப் பக்கத்தில் இருக்கும் லெவல் திருகு, அப்புறம் ஒலியை எண்ணாக மாற்றும் ஏடிசி, அதற்குப் பிறகு திரையின் ஸ்லைடர், கடைசியில் மெமரி. திருகு ஏடிசிக்கு முன்னால், ஸ்லைடர் அதற்குப் பின்னால். இந்த முன்-பின்தான் மொத்த விஷயமும். இது புரியாமல் இரண்டாவது ஞாயிற்றையும் கெடுத்தேன்.

அன்று சுவிட்சை மைக்குக்கு மாற்றி, திருகை முக்கால் வரைக்கும் ஏற்றியிருந்தேன். மாமா மெதுவாகத் தட்டும்போது அருமையாக இருந்தது. இடது கையின் ‘கும்’ விழுந்த உடனே திரையில் ‘ஏடிசி ஓவர்லோட்’ என்று மின்னியது, கூடவே ‘கிளிப்’ என்றும் வந்தது. சத்தம் அதிகம் போல என்று ஸ்லைடரைக் கீழே இறக்கினேன். கிளிப் போய்விட்டது, ஓவர்லோட் மட்டும் போகவில்லை. ஒன்று போனதே என்று பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு ‘கும்’மும் தகர டப்பாவில் அடித்தது போல இருந்தது. மாமா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “இன்னா மாப்ள, என் டோலக்கு இப்டியா கேக்குது?” என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பதிவை எடிட் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அலை மேலே போய் வளைந்து இறங்க வேண்டிய இடத்தில், கத்தியால் சீவியது மாதிரி தட்டையாக ஒரு கோடு. மேலேயும் அப்படி, கீழேயும் அப்படி. ஏடிசியில் தலை வெட்டுப்பட்ட பிறகு ஸ்லைடரை இறக்கினால், வெட்டுப்பட்ட அலைதான் சின்னதாகும். போன தலை திரும்ப வராது. ஓவர்லோட் என்று வந்தால் பின்பக்கத் திருகைக் குறைக்க வேண்டும். கிளிப் மட்டும் வந்தால், அதாவது ஏடிசியைத் தாண்டிய பிறகு ஸ்லைடரில் அளவு மீறினால், ஸ்லைடரைக் குறைக்க வேண்டும். இரண்டும் வந்தால் முதலில் திருகு.

மூன்றாவது ஞாயிறு. ஸ்லைடரை 0.0-இல், அதாவது கூட்டாமல் குறைக்காமல், வைத்துவிட்டு அதைத் தொடவே இல்லை. இன்புட்டை ஸ்பீக்கருக்குப் போகவிட்டால் மைக் ஊளையிடும், அதனால் ஹெட்ஃபோன் மட்டும். ஃபேனையும் நிறுத்தினோம். மைக் டோலக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திருகை எவ்வளவு குறைத்தாலும் பலத்த அடிக்கு ஓவர்லோட் எட்டிப் பார்த்தது. சரி என்று மைக்கை ஒரு முழத்துக்குத் தள்ளி வைத்தேன். முழம் என்பது இரண்டு சாண். தூரம் இரட்டிப்பானால் நேரடிச் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஓவர்லோட் அத்தோடு நின்றது. ஒரு நல்ல பலனும் கிடைத்தது: ஒரு சாணில் இடது பக்கத்தின் ‘கும்’ மட்டும் முட்டியது, முழத்தில் வலது பக்கத்தின் ‘டிங்’கும் சமமாகச் சேர்ந்து, டோலக் ஒரே வாத்தியமாகக் கேட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். “செக் பண்றோம் மாமா” என்றால் எவரும் அடக்கித்தான் வாசிப்பார்கள். பாட்டு சூடு பிடித்தால் கை தானாக ஏறும். அதனால் சரணம் முடிந்து கூட்டம் கைதட்டும் இடத்தில் எப்படி அடிப்பாரோ அப்படி அடிக்கச் சொன்னேன். அந்த உச்சம் மீட்டரில் -9 பக்கம், அதாவது எல்லையான 0-க்கு 9 டெசிபல் கீழே, நிற்கும்படி திருகை வைத்தேன். மேலே இவ்வளவு இடம் வீணாகிறதே என்று முதலில் மனசு கேட்கவில்லை. கணக்குப் போட்டால் பயமில்லை. ஒலியை 16 பிட் எண்களாக எழுதும் பதிவில், மிகச் சின்னச் சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல் இடம், மொத்தம் 96. மேலே 9 டெசிபலை விட்டாலும் 87 மிச்சம். எங்கள் வீடு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பக்கம். ஃபேனை நிறுத்தினாலும் திருவள்ளூர் லோக்கல் நிற்காது. அந்த அறையின் இரைச்சல், 16 பிட்டின் இரைச்சலைவிட எவ்வளவோ மேலே.

முதல் டேக் அற்புதமாக வந்தது. மாமா கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். டீ வாங்க எழுந்தேன், கரண்ட் போய்விட்டது. இந்தக் கீபோர்டில் பதிவு ராம் என்ற தற்காலிக மெமரியில்தான் நிற்கும், மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஒரு முழு டேக் போயிற்று. நெஞ்சு அடைத்துவிட்டது. மாமாதான் “வுடு மாப்ள, கை இன்னும் சூடாத்தான் கீது” என்று டோலக்கின் வளையங்களை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். கரண்ட் வந்ததும் திரும்ப எடுத்தோம். இம்முறை ஒவ்வொரு டேக் முடிந்த கையோடு மெமரி கார்டில் சேவ். அந்த ராமும் 16 எம்பிதான், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்), நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், சுமார் 2 நிமிடம் 54 நொடிதான் பிடிக்கும். அதனால் பல்லவி தனி, சரணம் தனி, கடைசி ஓட்டம் தனி என்று பிரித்து எடுத்தோம்.

கடைசி ஓட்டத்தின் முடிவில், மாமா கையை எடுத்த பிறகு, தூரத்தில் ரயில் ஹாரன் லேசாகக் கேட்கிறது. அதை நான் வெட்டவில்லை.

திருகின் அந்த இடத்தைத் தங்கச்சியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறேன்: டோலக், ஒரு முழம். மாமாவின் குரலுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றி இரண்டாவது புள்ளி. அடுத்த ஞாயிறு சட்டி மேளம் அடிக்கும் அண்ணன் வருகிறார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் அறை போதாது, மைக்கை மொட்டை மாடிக்குக் கொண்டு போக வேண்டும். நீளமான கேபிள் சொல்லி வைத்திருக்கிறேன்.