எதை முதலில் எழுதி வைத்தீர்கள்?

பதினைந்து ஆண்டுகளாகப் புள்ளியியல் ஆலோசகராகப் பிறருடைய ஆய்வுகளுக்குத் துணை நிற்பது என் வேலை. முற்பகலில் புற்றுநோய் உயிரணுக்களின் அளவீடுகளோடு ஒருவர் வந்து அமர்வார். அவர் எழுந்து போன நாற்காலியில் பிற்பகலில் குடும்ப வருமானக் கணக்கெடுப்போடு ஒரு பொருளியல் ஆய்வாளர் அமர்வார். ஒருவருடைய துறையைப் பற்றி மற்றவர் என்ன நினைக்கிறார் என்பதை இரு பக்கமும் கேட்கும் வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைத்திருக்கிறது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வில் எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம் என்பது முன்னவரின் எண்ணம். வெப்பநிலையையும் அளவையும் விருப்பம்போல் நிறுத்தி வைத்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு முடிவு தவறிப்போக வழியே இல்லை என்பது பின்னவரின் ஏக்கம். இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த நானும் தொடக்கத்தில் முன்னவரின் பக்கமே நின்றேன்.

2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஒரு கூட்டாய்வு, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு, புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க விளைவைக் காட்டியவை. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் அப்படிக் காட்டின. ஆய்வகத்துக்காரர்கள் சிலர் இதை ஒரு நகைச்சுவைத் துணுக்கைப்போல் சொல்லித் திரிந்தது நினைவிருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் புற்றுநோய் உயிரியலின் முதன்மையான 53 ஆய்வுகளைச் சரிபார்க்க முயன்றதையும், அவற்றில் 6 மட்டுமே உறுதிப்பட்டதையும் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டிருந்தது. 2021இல் முடிந்த புற்றுநோய் உயிரியல் மறுசோதனைத் திட்டம் இன்னும் சங்கடமானது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டவர்களால், 23 கட்டுரைகளைச் சேர்ந்த 50 சோதனைகளைத்தான் முடிக்க முடிந்தது. அந்த 193இல் ஒன்றுகூட, மூல ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்காமல், கட்டுரையை மட்டும் படித்துத் திரும்பச் செய்யும் அளவுக்கு முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. இந்த வரியை நான் முதன்முறை படித்தபோது, எண் அச்சுப்பிழையாக இருக்குமோ என்று மறுபடியும் படித்தேன்.

எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1999இல் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து, ஒரே மரபுவழி எலிகளை, ஒரே வயதில், ஒரே வகைக் கருவிகளில், உள்ளூர் நேரப்படி ஒரே வேளையில் தொடங்கிச் சோதித்தன. அப்படியிருந்தும் சில நடத்தைச் சோதனைகளின் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன. 2014இல் வந்த மற்றோர் ஆய்வு, சோதனை செய்பவர் ஆணாக இருந்தால் அவருடைய உடல் மணமே எலிகளைப் பதற்றத்துக்கு உள்ளாக்கி, அவை காட்டும் வலியுணர்வைக் குறைத்துவிடுகிறது என்று காட்டியது. எத்தனையோ வலிநீக்கி ஆய்வுகளின் செய்முறைப் பகுதியில் மருந்தின் அளவு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். எலியைக் கையில் எடுத்தவர் ஆணா பெண்ணா என்பது இருக்காது.

ஆகவே சிக்கல் ஆய்வுப்பொருளில் இல்லை என்றால் வேறெங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. என் மேசைக்கு வருகிறவர்களைக் கவனித்ததில் எனக்குத் தெளிவானது இது: எந்தத் தீர்மானம் தரவைப் பார்ப்பதற்கு முன் எடுக்கப்பட்டது, எது பார்த்தபின் எடுக்கப்பட்டது என்பதுதான் ஓர் ஆய்வின் நம்பகத்தன்மையைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒரு பகுப்பாய்வில் தீர்மானங்கள் நிறைய. விலகி நிற்கும் அளவீட்டை நீக்குவதா வைத்திருப்பதா, வயதைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா, இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பதா இத்துடன் நிறுத்துவதா என்று ஒவ்வொன்றிலும் நியாயமான வழி ஒன்றுக்கு மேல் உண்டு. விளைவே இல்லாத இடத்திலும் தற்செயலாக இப்படியொரு முடிவு வருவதற்கான வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று நாம் எழுதும் அந்தப் புகழ்பெற்ற 0.05, ஒரேயொரு வழியில் ஒரேயொரு முறை நடந்ததாக எடுத்துக்கொண்டு சொல்லப்படும் கணக்கு. ஐந்து வழிகளில் நடந்து பார்த்து, பிடித்த வழியை மட்டும் கட்டுரையில் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

இதில் மோசடி எதுவும் தேவைப்படுவதில்லை என்பதைத்தான் மற்றவர்களுக்குப் புரியவைக்கச் சிரமப்படுகிறேன். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கால்பந்து நடுவர்கள் கருநிற வீரர்களுக்குச் சிவப்பு அட்டையை அதிகமாகக் காட்டுகிறார்களா என்ற ஒரே கேள்வியையும் ஒரே தரவுத்தொகுப்பையும் 29 குழுக்களிடம் கொடுத்தார்கள். 20 குழுக்கள் ஆம் என்று சொல்லத்தக்க விளைவைக் கண்டன. 9 குழுக்கள் காணவில்லை. எந்தக் குழுவுக்கும் ஒரு குறிப்பிட்ட விடையைக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. வெளியிட்டால்தான் பதவி என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

என் பங்கையும் மறைக்கக் கூடாது. வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஓர் உயிரியல் ஆய்வாளருக்காக ஒரே தரவை மூன்று முறைகளில் பகுத்துக் கொடுத்தேன். முதல் இரண்டில் எதுவும் தேறவில்லை, மூன்றாவதில் 0.04 வந்தது. அறிவியல் நோக்கில் மூன்றாவது முறைதான் சரியானது என்பதற்கு எங்கள் இருவருக்கும் உடனே காரணங்கள் கிடைத்தன, அந்தக் காரணங்களை இருவரும் மனமார நம்பவும் செய்தோம். கட்டுரை வெளியானது. நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது. மற்ற இரண்டு முறைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முன்கூட்டியே எழுதி வைப்பதால் எவ்வளவு மாறும் என்பதற்கு மருத்துவத்திலிருந்து ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் நிதியில் நடந்த பெரிய சோதனைகளை 2015இல் இருவர் தொகுத்துப் பார்த்தார்கள். எதை அளக்கப் போகிறோம் என்று முன்பதிவு செய்வது கட்டாயமாவதற்கு முன், அதாவது 2000க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, சிகிச்சையால் தெளிவான நன்மை இருந்ததாகச் சொல்லின. அதன்பின் வெளியான 25இல் இரண்டே இரண்டுதான் அப்படிச் சொல்லின. உளவியலிலும் இதே கதைதான். ஆய்வுத்திட்டத்தை மட்டும் பார்த்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக இதழ் முன்பே வாக்களிக்கும் முறை 2013 முதல் பரவிவருகிறது. 2021இல் ஒப்பிட்டபோது, வழக்கமான கட்டுரைகளில் 96 விழுக்காடு தம் முதல் கருதுகோள் மெய்ப்பட்டதாகக் கூறின. இந்த முறையில் வந்தவற்றில் 44 விழுக்காடு மட்டுமே அவ்வாறு கூறின. சோர்வூட்டும் எண்கள் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். எனக்கோ, ஆய்வாளர்களின் ஊகங்களில் பாதிக்கும் மேல் தவறுவதுதான் இயல்பாகத் தோன்றுகிறது. 96 விழுக்காடு சரியாக ஊகிக்கிறவர்களுக்கு ஆய்வு எதற்கு?

என் பழைய துறையான இயற்பியலுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும், ஆனால் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன், காற்றின் பாகுநிலைக்குத் தவறான மதிப்பைப் பயன்படுத்தியதால் அவருடைய விடை சற்றுக் குறைவாக இருந்தது. அவருக்குப் பின் அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குத் தாவாமல், ஒவ்வொருவரும் முந்தையவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கண்டு மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று 1974இல் இயற்பியலாளர் ஃபெயின்மன் ஒரு பட்டமளிப்பு உரையில் எடுத்துக்காட்டினார். மில்லிகனின் எண்ணிலிருந்து அதிகம் விலகினால் தம் கருவியில் பிழை தேடினார்கள். நெருங்கி வந்தால் தேடவில்லை. இதைத் தவிர்க்கத்தான் இன்றைய பெரிய சோதனைகள் விடையைத் தம்மிடமிருந்தே மறைத்துக்கொள்கின்றன. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் துகளின் காந்தத்தன்மையை அளந்த அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகக் குழு, சோதனையின் கடிகாரத்தைச் சற்று மாற்றி ஓடவிட்டது. எவ்வளவு மாற்றப்பட்டது என்பது குழுவுக்கு வெளியே இருந்த இருவருக்கு மட்டுமே தெரியும். பகுப்பாய்வு முழுதும் முடிந்து, இனி எதையும் திருத்த மாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்னரே அந்த எண்ணை வாங்கிச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது.

இதனால் ஆய்வக அறிவியலும் சமூக அறிவியலும் ஒன்றேதான் என்று நான் சொல்ல வரவில்லை. மியூவான் தன்னைப் பற்றிய கட்டுரையைப் படிக்காது. வங்கி விழப்போகிறது என்ற செய்தி வைப்புத்தொகையாளர்களின் காதுக்குப் போனால் அவர்களே வங்கியை விழவைத்துவிடுவார்கள். ஒரு நோய்க்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயரோடு வாழ்கிறவர்கள் தம்மைப் புரிந்துகொள்ளும் விதம் மாறுகிறது. கண்டுபிடிப்பே கண்டுபிடிக்கப்பட்டதை மாற்றும் இந்த நிலை ஆய்வகத்தில் அனேகமாக இல்லை. அதனால் சமூக அறிவியலில் ஒரு மறுசோதனை தோற்றால், முதல் ஆய்வு பிழையா அல்லது மக்கள்தாம் மாறிவிட்டார்களா என்று பிரித்தறிவது உண்மையிலேயே கடினம். இந்தக் கடினத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

முன்பதிவு எல்லா இடத்திலும் செல்லுபடியாவதும் இல்லை. பாறை அடுக்குகளை ஆராயும் ஒருவர் என்னிடம், “எனக்கு வேண்டியது எல்லாம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது, நான் எதை முன்கூட்டி எழுதுவது?” என்று கேட்டார். அவருடைய மாதிரிகளில் பாதியைப் பெட்டியில் போட்டு மூடச் சொன்னேன். மீதிப் பாதியை வைத்து எப்படி வேண்டுமானாலும் யோசிக்கலாம், யோசித்து முடித்தபின் பெட்டியைத் திறக்கலாம் என்றேன். மாதிரிகள் குறைவு என்று முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்.

களப்பணிக்குப் போகும் மானிடவியலாளர் ஒருவருக்கு அந்த வழியும் பயன்படவில்லை. கேள்வியே களத்தில்தான் பிறக்கும் என்பார் அவர், அது உண்மையும்கூட. ஆனாலும் கிளம்புவதற்கு முதல் நாள், அங்கே என்ன காணப்போவதாக எதிர்பார்க்கிறார் என்பதைத் தேதியிட்டு இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனார். பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்து அந்தக் குறிப்பேட்டை என் மேசையில் வைத்தார். முக்கால்வாசி வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் மெல்லிய ஒற்றைக் கோட்டால்தான் அடித்திருந்தார். கீழே இருந்த எழுத்தை எளிதாகப் படிக்க முடிந்தது.