உபுண்டு 22.04இல் தோன்றிய கையோடு மறையும் சிஎச்340 போர்ட்: சரிசெய்த விதம்

யுஎஸ்பியை சீரியல் போர்ட்டாக மாற்றித் தரும் சிஎச்340 சில்லு வைத்த ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) நகலை உபுண்டு 22.04 கணினியில் சொருகுகிறோம். பலகையில் விளக்கு எரிகிறது, ஆனால் நிரல் எழுதும் ஐடிஇ மென்பொருளில் போர்ட் பட்டியல் காலி. டிரைவர் இல்லை என்று முடிவுகட்டி, எங்கிருந்தோ இறக்கிய கோடைக் கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். சிஎச்340க்கு வேண்டிய சிஎச்341 டிரைவர் உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, கர்னலின் செய்திகளை உடனுக்குடன் காட்டும் 'சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ' கட்டளையை டெர்மினலில் ஓடவிடுங்கள். இப்போது சொருகிப் பாருங்கள். ஒரு வரிகூட வரவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் செய்ய மட்டும் ஆன கேபிளில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இருக்கும், டேட்டா கம்பிகள் இரண்டும் இருக்காது. பலகையின் பக்கம், டேட்டா கம்பிகளில் ஒன்றான டி-பிளஸ்ஸை 1.5 கிலோ ஓம் மின்தடை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிப்பதை வைத்துத்தான் யுஎஸ்பி ஹப் ஏதோ சொருகப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிறது. கம்பி இல்லையென்றால் விளக்கு எரியும், கணினிக்குத் தெரியாது. வரி வந்து, அதில் 'எரர் -71' இருந்தால் சிக்னல் வழியிலேயே கெடுகிறது என்று பொருள். தளர்ந்த சாக்கெட், நீளமான மட்டக் கேபிள், பழைய ஹப், இவற்றில் ஒன்றாக இருக்கும். கணினியின் சொந்த போர்ட்டில் நேராகச் சொருகிப் பாருங்கள்.

கேபிள் சரியென்றால் அடுத்து நடப்பதெல்லாம் கண் இமைக்கும் நேரம். கர்னல் அந்தப் போர்ட்டை ரீசெட் செய்கிறது. பலகை முதலில் முகவரி 0இல் பதில் சொல்லும், பிறகு அதற்கென்று ஒரு எண் கிடைக்கும். தன்னைப் பற்றிய 18 பைட் விவரக்குறிப்பை அது அனுப்புகிறது; தயாரிப்பாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523 இரண்டும் அதில் இருக்கின்றன. கர்னல் இந்த எண்களை ஒரே சரமாகக் கோத்து அறிவிக்க, சொருகும் கருவிகளைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, மாட்யூல் (கர்னலில் ஏற்றும் டிரைவர்) பட்டியலில் பொருந்துவதைத் தேடி சிஎச்341ஐ ஏற்றுகிறது. டிரைவர் பலகையைப் பொறுப்பில் எடுத்ததும் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட் கோப்பு உருவாகிறது. பெயர், படம், பெட்டியில் அச்சிட்டது எதுவும் இங்கே கணக்கில் வராது. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் எல்லா முடிவும்.

சிக்கலும் அங்கேதான். டிமெஸ்ஜியில் 'அட்டாச்ட் டு டிடிஒய்யுஎஸ்பி0' என்று வந்த சற்று நேரத்தில், சிஎச்341 வைத்திருந்த இன்டர்ஃபேஸ் 0இல் பிஆர்எல்டிடிஒய் கைவைத்ததாக, 'யுஎஸ்பிஎஃப்எஸ்' என்ற சொல்லோடு ஒரு வரி வரும். அடுத்த வரி 'டிஸ்கனெக்டட்'. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்சிக் கருவிகளை இயக்கும் நிரல். 20 கட்டங்கள் கொண்ட ஒரு பிரெயில் வாசிப்புக் கருவிக்குள்ளும் இதே சில்லு, இதே 1ஏ86:7523 எண்ணோடு இருக்கிறது. ஆகவே உபுண்டுவின் யூடெவ் விதி உங்கள் ஆர்டுயினோவையும் பிரெயில் கருவி என்று எடுத்துக்கொள்கிறது.

'சூடோ ஆப்ட் ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்' என்று கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். தனிக் கணினியில் அது சரி. கல்லூரி ஆய்வகம், நூலகம் போன்ற பொதுக் கணினியில் தயவுசெய்து செய்யாதீர்கள். பிரெயில் கருவியோடு வரும் மாணவருக்கு அந்தக் கணினி ஊமையாகிவிடும். அந்த எண்ணை மட்டும் விலக்கினால் போதும். /யுஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் உள்ள 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் கோப்பை அதே பெயரில் /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவுக்கு நகலெடுங்கள். நகலில் 1ஏ86/7523 உள்ள வரியின் முன்னால் # போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் /இடிசியில் உள்ளதே செல்லும். மூலக் கோப்பிலேயே திருத்தினால் அடுத்த அப்டேட்டில் திருத்தம் போய்விடும். பிறகு 'சூடோ யூடெவ்ஆட்ம் கன்ட்ரோல் --ரீலோட்' கொடுத்து, பலகையைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். 1ஏ86:7523 எண் கொண்ட பிரெயில் கருவியையே யாராவது அங்கே பயன்படுத்தினால், இந்த வழியும் ஆகாது.

போர்ட் நிலைத்து நின்ற பிறகு 'பெர்மிஷன் டினைட்' வரலாம். /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 கோப்பு டயல்அவுட் என்ற பயனர் குழுவுக்கு உரியது. 'சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்' என்று அடித்து உங்கள் பயனர்பெயரைச் சேருங்கள். ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ விட்டுப்போனால் சூடோ உட்பட மற்றக் குழுக்களிலிருந்து பெயர் நீங்கிவிடும், அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. லாக்அவுட் செய்து உள்ளே வந்தால்தான் மாற்றம் பிடிக்கும்.

இரண்டு பலகைகளை ஒன்றாக இணைப்பவர்களுக்கு: சிஎச்340இல் பொதுவாகத் தனி வரிசை எண் கிடையாது. எது முதலில் விழித்ததோ அது டிடிஒய்யுஎஸ்பி0, மற்றது டிடிஒய்யுஎஸ்பி1. ரீபூட்டுக்குப் பின் மாறலாம். /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவிலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் அமையும், அதனால் ஒன்றுதான் தெரியும். அதற்குப் பதில் /டெவ்/சீரியல்/பை-பாத் அடைவைப் பயன்படுத்துங்கள். எந்தப் போர்ட்டில் சொருகினோம் என்பதை வைத்து அங்கே பெயர் அமைவதால், போர்ட்டுக்கு ஒரு லேபிள் ஒட்டிவிட்டு பலகையை எப்போதும் அதிலேயே சொருக வேண்டும்.