கொடி விழட்டும், 15 யார்ட் எதற்கு?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் திங்கள் இரவு ஆட்டம் கொழும்பில் செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கும் (நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் மாறியதும் ஆறே முக்கால்). 2022 ஒக்டோபரில் அப்படியொரு காலையில் கன்சாஸ் சிட்டி அணியின் கிறிஸ் ஜோன்ஸ், ரெய்டர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டெரெக் காரைப் பின்னாலிருந்து பிடித்து, பந்தையும் பறித்துக்கொண்டு விழுந்தார். ஒரு கையில் பந்து, மறு கை தரையில் ஊன்றியபடி. அப்படியும் குற்றம் என்று மத்தியஸ்தரின் மஞ்சள் கொடி விழுந்தது; தண்டனை 15 யார்ட். முழுப் பாரத்தையும் அவர்மேல் போட்டுவிட்டாராம்.

கொழும்பு லோங்டன் பிளேஸில் றக்பி பார்த்து வளர்ந்தவருக்கு இது சிரிப்பாக இருக்கும். அங்கே பிடித்தவரும் பிடிபட்டவரும் சேர்ந்து விழுவதுதானே டெக்கிள். ஆனால் குவார்ட்டர்பேக்கின் நிலை வேறு. கண் நாற்பது யார்ட் தள்ளி இருக்கும், கை உயர்ந்து விலா திறந்து கிடக்கும், 130 கிலோ ஆள் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்றே தெரியாது. 2017இல் அந்தனி பார் என்பவர் தன்மேல் விழுந்ததில் குவார்ட்டர்பேக் ஆரன் ரொஜர்ஸின் காறை எலும்பு முறிந்தது. அடுத்த பருவத்திலேயே உடற்பார விதியை இறுக்கினார்கள். பாதுகாப்பு தேவை என்பதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு தண்டனையின் அளவில். பந்து கையை விட்டபின் ஓடிவருபவருக்கு ஓர் அடியெடுத்து வைக்கத்தான் சலுகை. முழங்காலில் மோதக்கூடாது, தலையில் அடிக்கக்கூடாது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பாரம் அப்படியல்ல. முழு வேகத்தில் வருபவர் கட்டிப்பிடித்த கணத்தில் உடலைத் திருப்பித் தோளால் தரையைத் தொட வேண்டும், அல்லது புரண்டு எதிராளியைத் தன்மேல் இழுத்துக்கொள்ள வேண்டும். 2018இல் மயாமியின் வில்லியம் ஹேஸ், இதே டெரெக் காரின்மேல் பாரம் விழாமல் தவிர்க்கப்போய்த் தன் முழங்கால் தசைநாரை அறுத்துக்கொண்டார். போதாததற்கு, சந்தேகம் இருந்தால் மத்தியஸ்தர் எப்போதும் கொடியே போட வேண்டும் என்று விதிப்புத்தகமே சொல்கிறது.

இனிக் கணக்கு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சி (டவுன்); அதற்குள் பத்து யார்ட் முன்னேறினால் மறுபடி முதல் முயற்சி, அதாவது ஃபர்ஸ்ட் டவுன். தன் பக்கத்து 30 யார்ட் கோட்டில் பந்து, மூன்றாவது டவுன், 12 யார்ட் தேவை. எட்டு யார்ட் பின்னால் வீழ்த்தினால் பந்து 22இல். நாலாவது டவுன், எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டியதுதான். கொடி விழுந்தால் அதே பந்து 45இல், புது ஃபர்ஸ்ட் டவுனோடு. 23 யார்ட் வித்தியாசம், அதோடு பந்தும் கைமாறவில்லை. ஜோன்ஸ் சம்பவத்துக்கு முதல் நாள் அட்லாண்டாவின் கிரேடி ஜாரட் டொம் பிரேடியை மூன்றாவது டவுனில் வீழ்த்தியபோதும் இதுதான் நடந்தது. 21-15 என முன்னிலையில் இருந்த பிரேடியின் டெம்பா பே பந்தைத் தன்னிடமே வைத்து நேரத்தைக் கரைத்தது.

பந்தை உதைப்பவர் விடயத்தில் இதே விதிப்புத்தகம் எவ்வளவு நிதானம் பாருங்கள். சும்மா மோதினால் 5 யார்ட், தானாக ஃபர்ஸ்ட் டவுன் கிடையாது. முரட்டுத்தனமாக மோதினால் 15 யார்ட், ஃபர்ஸ்ட் டவுனும் உண்டு. குவார்ட்டர்பேக்குக்கும் இந்த இரண்டு படி இருந்தால் என்ன? தலை, முழங்கால், தூக்கி அடித்தல் மேல்படி. பாரம், அரையடிப் பிந்தல் கீழ்படி.

பந்தோடு ஓடுபவர்களுக்கு 2024இல் வந்த ஹிப்-டிரொப் தடையிலும் 15 யார்ட்தான். இரு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பிப் பாரத்தைத் தொங்கவிட்டு, அவர் கால்மேல் விழுந்து நசுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் குற்றம். ஓடும் ஆட்டத்தில் மூன்றையும் யார் பார்ப்பது? களத்தில் கொடி அரிது, பெரும்பாலும் வீடியோ பார்த்தபின் அந்த வாரத்தில் வீரருக்கு அபராதம் போகிறது. பாரக் குற்றத்துக்கும் அந்தக் கீழ்படியோடு இதுவே பொருத்தம் என்பேன். பிழை செய்தவர் பணம் கட்டட்டும், அணி ஏன் கைக்கு வரவேண்டிய பந்தை இழக்க வேண்டும்?

பாதுகாப்பை ஆயுதமாக்கிய கதையும் உண்டு. காலை நீட்டிச் சறுக்கும் குவார்ட்டர்பேக்கைத் தொடக்கூடாது அல்லவா? 2021 டிசம்பரில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கெனி பிக்கட் சறுக்குவதுபோல் பாவனை செய்தார். எதிரணியினர் வேகத்தைக் குறைக்க, 58 யார்ட் ஓடி டச்டவுன் போட்டார். சில நாட்களிலேயே கல்லூரி மத்தியஸ்தர்களுக்கு உத்தரவு போனது: சறுக்கத் தொடங்குவதுபோல் தெரிந்த இடத்திலேயே விசில்.